‘தலைவர்’ என்றால் யார்?

(நாட்றம்பள்ளியில் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், உள்ளாட்சி மன்றங்களில் ஓட்டின் மூலம் கிடைக்கும் பதவிகளுக்குச் சட்டம் என்ன பொருள் சொல்லுகிறது என்பதாகும். “இது வக்கீல்கள் கோர்ட்டில் பேச வேண்டிய விஷயமாயிற்றே! பகலெல்லாம் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பாடுபட்டுவிட்டு, பீடி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு இது எதற்கு?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது இயற்கையே. ஆனால் தோழர்களே! நம் மக்கள் ஏமாந்ததெல்லாம் பெரும்பாலும் சொற்களால்தான். ஒரு சொல்லுக்குப் பொருள் இன்னதென்று கேட்காமல் தலைவணங்கினோம். வணங்கிய தலையை நிமிர்த்த நூற்றாண்டுகள் ஆயின. ஆதலால், ‘தலைவர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாரைக் குறிக்கிறது, அவரை யார் ஆக்குகிறார்கள், அவருக்கு என்ன அதிகாரம், எத்தனை நாள் அதிகாரம், அவரை யார் இறக்கலாம் என்கின்ற ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இந்த ஐந்துக்கும் விடை தெரிந்த ஒரு ஊரை எவனும் சுலபத்தில் ஆட்டி வைக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

பிறப்பால் வந்த உத்தியோகம்

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நமது ஊர்களில் மணியக்காரர், கர்ணம் என்று இரண்டு உத்தியோகங்கள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த உத்தியோகங்களுக்கு 1895ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். அதற்குப் பெயரே பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம். அதாவது அப்பன் மணியக்காரன் என்றால் மகன் மணியக்காரன். அறிவு உண்டா, நாணயம் உண்டா, ஊராருக்கு இவன் மேல் நம்பிக்கை உண்டா என்கின்ற கேள்விக்கு இரண்டாவது இடம்; எந்த வயிற்றில் பிறந்தான் என்பதற்கே முதல் இடம். வருணாசிரமத்துக்கு வெள்ளைக்கார சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்த சட்டம் அது என்று சொன்னால் மிகையாகாது.

அரசியல் சட்டம் வந்த பிறகு, ஆந்திரத்து வழக்கொன்றில், சர்க்கார் உத்தியோகத்தைப் பரம்பரை பார்த்துக் கொடுப்பது குடிமக்களின் சமத்துவத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அந்தத் தீர்ப்பு சட்ட ஏடுகளில் வெளிவந்தது 1961இல். ஆனாலும் தமிழ்நாட்டில் பழைய மணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டது 1980 நவம்பரில்தான். அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்கின்ற சம்பள உத்தியோகஸ்தர் வந்தார். 1895 முதல் 1980 வரை எண்பத்தைந்து ஆண்டு! ஒரு தவறான சொற்பொருளைச் சட்டப் புத்தகத்திலிருந்து அழிக்க இவ்வளவு காலம் பிடித்தது என்றால், ஊரார் மனத்திலிருந்து அழிக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இது ஒருபுறமிருக்க, ஓட்டின் மூலம் பதவி என்பது வேறொரு வழியாக வந்தது. 1882இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டார். 1884இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. பெயர் சுயாட்சி, தலைமை நாற்காலியில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தவர் சர்க்கார் அதிகாரி. பிறகு 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் வருவதற்கு வழி ஏற்பட்டது. அப்போதும் ஓட்டு என்பது வரி கட்டும் யோக்கியதை உள்ளவனுக்குத்தான். பஞ்சைகளுக்கு ஓட்டு ஏது? 1950க்குப் பிறகுதான் வயது வந்தவர் எவராயினும் ஓட்டர் என்கின்ற நிலைமை வந்தது. அதற்கும் பிறகு, 1993இல் அரசியல் சட்டத்தின் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் அமலுக்கு வந்து, உள்ளாட்சி மன்றம் என்பது மாகாண சர்க்காரின் தயவில் நிற்பதல்ல, அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றது என்று ஆயிற்று. கிராமங்களுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது.

ஒரு சொல், பல பொருள்

இப்போது நமது முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். தலைவர் யார்? அவரை ஆக்குவது யார்?

இங்கு வந்திருப்பவர்களில் ஒரு பகுதியார் நாட்றம்பள்ளி டவுன்வாசிகள். மற்றொரு பகுதியார் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேரும் ‘நம் தலைவர்’ என்றுதான் சொல்லுகிறீர்கள். ஆனால் சட்டத்தில் இவ்விருவரும் ஒருவரல்லர்.

கிராமத்தாருக்கு முதலில் சொல்லுகிறோம். ஊராட்சி மன்றத் தலைவர் என்பவரை ஊராட்சியின் ஓட்டர்கள் எல்லோரும் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டு உறுப்பினரை அந்தந்த வார்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவரோ, மாவட்ட ஊராட்சிக் குழுத் தலைவரோ உங்கள் நேரடி ஓட்டில் வருவதில்லை. நீங்கள் அனுப்பும் உறுப்பினர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். மேலடுக்குக்கு இப்படித்தான் இருக்க வேண்டுமென்று அரசியல் சட்டமே விதித்துவிட்டது. கீழடுக்கான கிராமத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாத்திரம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விட்டுவிட்டது. அதனால்தான், நம் எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக்குப் போனால் சர்பஞ்சை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெங்களூர் ரஸ்தாவில் மேலே போய்க் கர்நாடகத்தில் நுழைந்தால் அங்கே கிராமத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி டவுன்காரர்களுக்கு. நாட்றம்பள்ளி ஒரு பேரூராட்சி. அரசியல் சட்டம் இப்படிப்பட்ட ஊரைக் கிராம நிலையிலிருந்து நகர நிலைக்கு மாறிக்கொண்டிருக்கும் இடம் என்று வர்ணிக்கிறது. இந்த ஊர்களுக்கு ஊராட்சிச் சட்டம் பொருந்தாது. நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் ஓடிற்று. 1998இல் இயற்றிய புதுச் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பேரூராட்சித் தலைவரை ஆக்குவது யார் என்று கேட்டால், அது எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996லும் 2001லும் ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடியும் ஜனங்கள். 2022 பிப்ரவரி 19ந் தேதி நடந்த தேர்தலில் மறுபடியும் கவுன்சிலர்கள்; அதாவது ஜனங்கள் கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள், அந்தக் கவுன்சிலர்கள் மார்ச்சு 4ந் தேதி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தோழர்களே! இரண்டு முறையிலும் குணமும் உண்டு, குற்றமும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். நேரடியாக வந்த தலைவருக்கும் கவுன்சிலர்களுக்கும் ஒத்துப் போகாவிட்டால் மன்றம் முடங்கிப் போகும். கவுன்சிலர்கள் ஆக்கிய தலைவர் என்றால் பதினைந்து இருபது பேரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கேயாவது தங்க வைத்து ‘ஆதரவு’ திரட்டினால் போதும் என்கின்ற கேவலம் வரும். எது மேல் என்பதைப் பற்றி யோக்கியமாக இரண்டு கட்சி பேசலாம். ஆனால் ஒரு பதவியின் பொருளையே தேர்தலுக்குத் தேர்தல் மாற்றுவது, அதுவும் எந்தக் கட்சி ஆள வந்தாலும் தனக்கு அந்த நேரத்தில் எது லாபமோ அதைப் பார்த்து மாற்றுவது, எந்த நியாயத்தில் சேர்ந்தது? மண்டியில் தோல் நிறுக்கிறவன் நாளுக்கொரு படிக்கல் வைத்தால் நாம் விடுவோமா? மாட்டோமல்லவா? ஓட்டு விஷயத்தில் மாத்திரம் ஏன் விட வேண்டும்?

பேனா யார் கையில்?

மூன்றாவது கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. இதில்தான் டவுனுக்கும் கிராமத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சட்டத்தில் நிர்வாக அதிகாரி என்று ஒரு சொல் வருகிறது. தீர்மானம் செய்வது மன்றம். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுபவர் யாரோ அவர் நிர்வாக அதிகாரி. கிராம ஊராட்சியில் அந்த அதிகாரி ஊராட்சித் தலைவரே. ஆகவே அவர் தலைவரும் ஆவார், நிறைவேற்றுபவரும் ஆவார். ஊராட்சி ஒன்றியத்தில் அப்படியல்ல. அங்கு நிறைவேற்றுபவர் சர்க்கார் நியமித்த ஆணையர். பேரூராட்சியில் நிறைவேற்றுபவர் செயல் அலுவலர். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சென்னை மாநகராட்சியும் அப்படியே. அங்கே 1933இல் தலைவர் பதவிக்கு மேயர் என்று பெயர் மாற்றி, அங்கியும் சங்கிலியும் போட்டார்கள். ஆனால் உத்தரவில் கையெழுத்துப் போடும் பேனா கமிஷனர் கையிலேயே இருந்தது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம். உங்கள் தெருவில் சாக்கடை அடைத்து நிற்கிறது. கிராமத்தான் என்றால் தலைவரிடம் போகலாம். “எனக்கு அதிகாரம் இல்லை” என்று அவர் சொன்னால் அது பெரும்பாலும் பொய். டவுன்வாசி என்றால் தலைவரிடம் மட்டும் போய்ப் பலனில்லை, கவுன்சிலரைக் கொண்டு மன்றத்தில் தீர்மானம் போடச் செய்ய வேண்டும், தீர்மானமான பிறகு செயல் அலுவலரிடம் “இத்தனாந்தேதித் தீர்மானம் என்ன ஆயிற்று?” என்று எழுதிக் கேட்க வேண்டும். இது தெரியாதவன் தலைவர் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்து செருப்புத் தேய்வான். ஒருவர் மற்றவர் மேல் கை காட்டுவார். யாருக்கு எது கடமை என்று நமக்குத் தெரியாத வரையில்தான் அந்தக் கை காட்டும் வித்தை செல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் டேனரிக் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றி உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996 ஆகஸ்டு 28ந் தேதி தீர்ப்பாகி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நல்லது. ஆனால் ஊருக்குத் தொல்லையான தொழிலுக்கு லைசென்சு கொடுப்பதும், தொழிற்சாலை வைக்க அனுமதி கொடுப்பதும் உள்ளாட்சி மன்றங்களின் சட்டங்களிலேயே எழுதப்பட்டிருக்கிற வேலைகள். ஒரு ஊரின் கிணற்றுத் தண்ணீருக்காக டில்லிக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று என்றால், நடுவில் இருந்த மன்றங்களும் தலைவர்களும் எதற்காக இருந்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா? தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்தத் தொழிலில்தான் நம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிகிறது. தொழிலும் நடக்க வேண்டும், தண்ணீரும் கெடக்கூடாது என்று பார்க்கத்தான் மன்றம்.

‘அதற்கு மேல் இல்லை’

நான்காவது, காலம். உள்ளாட்சி மன்றம் முதல் கூட்டத்துக்குக் குறித்த நாள் முதல் ஐந்தாண்டு இருக்கும், அதற்கு மேல் இல்லை என்று அரசியல் சட்டம் சொல்லுகிறது. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்றும் சொல்லுகிறது. சட்டத்தில் எவ்வளவு தெளிவு பாருங்கள்! நடப்பைப் பாருங்கள்! 2016இல் தேர்தல் நடக்கவில்லை. மன்றங்கள் காலாவதியாயின. தனி அலுவலர் என்கின்ற பெயரில் உத்தியோகஸ்தர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் கிராமத் தேர்தல் நடந்தது. திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு, மாவட்டங்களைப் பிரித்ததன் காரணமாக, 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. டவுன்களுக்கோ 2022 வரை இல்லை. அதாவது நாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டிய பதவியில், நாம் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தார். அந்தக் காலத்தில் ‘தலைவர்’ என்ற சொல்லுக்கு இந்த ஊரில் பொருளே இல்லாமல் போயிற்று.

இதைப் பற்றி ஊரில் எத்தனை பேர் கோபப்பட்டோம்? கோயில் திருவிழா ஒரு வருஷம் நின்றால் ஊரே கூடிப் பேசுகிறது. “சாமி குத்தம்” என்கிறது. ஓட்டு ஐந்து வருஷம் நின்றதற்கு ஒருவருக்கும் குத்தமாகப் படவில்லையே!

நாற்காலி இல்லாத தலைவர்

இப்போது நெஞ்சு எரியும் விஷயத்துக்கு வருகிறோம். சட்டம் ஒருவரைத் தலைவர் என்று சொன்ன பிறகும், ஊர் அவரைத் தலைவராக இருக்க விடாத கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தனித் தொகுதி என்று சட்டம் போட்டு, தாழ்த்தப்பட்ட தோழர்களும் தலைவராகலாம் என்று ஆனவுடன் என்ன நடந்தது?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் ஒழுங்காகத் தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தால் ஜெயித்தவரை உடனே ராஜிநாமா செய்ய வைத்தார்கள். அதே மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ந் தேதி வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஓட்டில் ஜெயித்தது ஒன்றுதான். இது பழைய கதை என்று சமாதானம் சொல்ல முடியுமா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் அம்மாதிரியே ஒரு பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்துக் கலெக்டர் வந்து ஏற்ற வைக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட தலைவர்கள் கொடியேற்றுவதை எவரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மாநிலத் தலைமைச் செயலாளரே எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது.

நமது மாவட்டம் மாத்திரம் தப்பிற்றா? ஆம்பூருக்கு மேலே மலையில் உள்ள நாயக்கனேரி ஊராட்சி 2021 தேர்தலில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மலைவாழ் மக்களே மிகுதியாக உள்ள ஊரை இப்படி ஒதுக்கியது சரியல்ல என்று அவ்வூரார் ஆட்சேபித்தார்கள். மனுச் செய்தவர் ஒரே ஒரு பெண், போட்டியின்றி வந்தார். வழக்கு ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. அவர் பதவிப் பிரமாணம் எடுக்க முடியாமல் நின்றது. மலைவாசிகளுக்கும் குறை இருக்கலாம். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டு ஒடுக்கப்பட்ட கூட்டத்தார் ஒருவரோடு ஒருவர் வழக்காட, நாற்காலி காலியாகக் கிடந்ததே, அதனால் லாபம் அடைந்தவர் யார் என்பதை அவ்விரு சாராரும் யோசிக்க வேண்டும்.

இந்த அக்கிரமங்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. சட்டம் ‘தலைவர்’ என்று சொன்னால், ஊர் அதை ‘நாட்டாண்மை’ என்று படிக்கிறது. நாட்டாண்மை என்பது ஜாதியில் வருவது. கோயிலில் முதல் மரியாதை வாங்குவது. கால் மேல் கால் போட்டு உட்காருவது. அந்தப் பதவி கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவருக்குப் போகிறதே என்று வயிறு எரிகிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள்! முதல் மரியாதை என்று ஒரு வார்த்தை கிடையாது. பரிவட்டம் கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் குடிதண்ணீர், தெரு விளக்கு, சாக்கடை, குப்பை, ரஸ்தா, சுடுகாடு. லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்கு இந்தத் தலைவர் ‘பொது ஊழியர்’. ஆம், ஊழியர்! பஞ்சாயத்தாபீசு வாசலில் தலைவர் என்று போர்டு போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஊருக்கு வேலைக்காரர். வேலைக்காரராக இருப்பதற்கு எந்த ஜாதியில் பிறந்தால் என்ன?

இன்னொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். ஊராட்சிப் பணத்தைச் செலவிடும் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதினார்கள். கணக்கு ஒழுங்குக்காக எழுதியதுதான். ஆனால் தலைவர் தாழ்த்தப்பட்டவராகவும் துணைத் தலைவர் மேல்ஜாதியென்று சொல்லிக்கொள்பவராகவும் உள்ள இடங்களில் இது என்ன ஆயிற்று? துணைத் தலைவர் பேனாவைத் திறக்க மறுத்தால் ஊர் விளக்கு எரியாது; பழி தலைவர் மேல் விழும். “பார், இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது” என்று பேசுவார்கள்.

இவற்றுக்கெல்லாம் மாற்று இல்லாமலில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தி, அது 2016 ஜனவரி 26 முதல் அமலில் வந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தோழர் ஒருவர் உள்ளாட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருந்து தமது கடமையைச் செய்வதை மிரட்டியோ தடுத்தோ இடையூறு செய்வது குற்றம் என்று அதில் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள். வேட்புமனுச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றமே. நாற்காலியை எடுத்து ஒளித்து வைப்பவன் இனி வெறும் மரியாதை கெட்டவன் மாத்திரமல்லன், குற்றவாளி. இதை ஒவ்வொரு தெருவிலும் நமது தோழர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தலைவரின் புருஷர்

பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கும், தமிழ்நாட்டில் 2016இல் செய்த திருத்தத்தால் சரிபாதியும் இடம் ஒதுக்கியாயிற்று. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பல ஊர்களில் ஜெயித்தது அம்மாள், நாற்காலியில் இருப்பது ஐயா என்கின்ற வேடிக்கை நடக்கிறது. நோட்டீசில் அம்மாள் படம் சிறிதாகவும் ஐயா படம் பெரிதாகவும் போடுகிறார்கள். சட்டத்தின் சொற்பொருள் பிரிவு முழுவதையும் தேடினாலும் ‘தலைவரின் புருஷர்’ என்று ஒரு பதவி அகப்படாது. தாய்மார்களே! உங்கள் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போட்டால், பணம் எடுத்தது அவராக இருக்கும். கோர்ட்டில் நிற்பது நீங்களாக இருப்பீர்கள். சட்டத்துக்குத் தெரிந்தது உங்களை மட்டும்தான்.

பதவியை ஏலம் விடுகிற ஊர்களும் உண்டு. “கோயில் கட்டப் பணம் கொடுக்கிறார், அவரே தலைவராக இருக்கட்டும்” என்று மந்தையில் பேசி முடித்து, மற்றவர்களை மனுச் செய்யாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஊர் ஒற்றுமை என்று இதற்குப் பெயர். ஏலம் எடுத்தவன் முதலை எடுக்காமல் விடுவானா? கல்லுக்குக் கோபுரம் கிடைத்தது. மனிதனுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை!

இறக்குவது யார்?

ஐந்தாவது கேள்வி, தலைவரை இறக்குவது யார் என்பது. ஊராட்சித் தலைவர் மேல் புகார் இருந்தால், மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கலெக்டர் தாமாகவும் நடவடிக்கை எடுக்கலாம். அவர் சமாதானம் கேட்டு, தாசில்தாரைக் கொண்டு மன்றத்தைக் கூட்டி அபிப்பிராயம் அறிந்து, முடிவில் கலெக்டரே நீக்கலாம். அதாவது ஆயிரக்கணக்கான பேர் ஏற்றிய ஒருவரை, ஒருவரும் தேர்ந்தெடுக்காத ஒரு உத்தியோகஸ்தர் இறக்கலாம். அயோக்கியனை நீக்க ஒரு வழி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றியவர்களுக்கே இறக்கும் உரிமையும் இருப்பதுதான் முறை. மத்தியப் பிரதேசத்தில் கிராமத் தலைவரை ஓட்டர்களே ரகசிய ஓட்டின் மூலம் திரும்ப அழைக்கச் சட்டம் இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? இதை ஒரு கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும். தாழ்த்தப்பட்ட தலைவர்களை ஜாதிக் கட்டுப்பாட்டால் இறக்க இதை ஆயுதமாக்கிவிடக் கூடாதே என்று சிலர் பயப்படலாம். நியாயமான பயமே. அதற்குத் தக்க பாதுகாப்போடு சட்டம் செய்ய வேண்டுமே தவிர, பயத்தைக் காட்டிக் கலெக்டர் கையிலேயே விட்டுவைப்பது பரிகாரமாகாது.

உங்கள் பதவி

கடைசியாக ஒன்று. பதவி வகிப்பவர் பிரமாணம் எடுக்கும்போது கடவுள் பெயரால் எடுக்கலாம். அல்லது உளமார உறுதி கூறுகிறேன் என்றும் எடுக்கலாம். நமது தோழர்கள் இரண்டாவதையே எடுக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ராகுகாலம் பார்த்து நாற்காலியில் உட்காருகிறவர்களைக் கேட்கிறோம்: ஐந்தாண்டுக் காலம் பஞ்சாங்கப்படியா முடிகிறது?

நீங்கள் “எங்களுக்கு எந்தப் பதவியும் இல்லையே” என்று எண்ண வேண்டாம். கிராமத்தின் ஓட்டர் ஜாபிதாவில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்பது சட்டம். அது எவரும் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பதவி அல்ல, ஏலத்தில் போகாது, கலெக்டர் நீக்க முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுவது என்று ஏற்பாடு. டவுன்களுக்குப் பகுதி சபை என்கின்ற ஏற்பாடு 2022இல் வந்தது. அங்கே போய் வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததை ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். எழுதப்படாத தீர்மானத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வைக்காதீர்கள். பெண்களை அழைத்துக்கொண்டு போங்கள். சேரித் தோழர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு நீங்கள் உட்காருங்கள்.

“மேலே இருப்பவர்கள் எழுதிய சட்டத்தைப் படித்து என்ன பயன்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். மனு தர்மத்தைப் படிக்கக் கூடாது என்று நம்மைத் தடுத்து வைத்திருந்த காலத்தில் அதன் பேரால் நம்மை எப்படி வேண்டுமானாலும் நடத்தினார்கள். படித்த பிறகுதான் அதில் உள்ள அக்கிரமம் தெரிந்தது, எதிர்க்கவும் முடிந்தது. உள்ளாட்சிச் சட்டமும் அப்படியே. அதில் நல்லதைப் பிடித்துக்கொண்டு நிற்கவும், கெட்டதை மாற்றச் சொல்லிப் போராடவும் முதலில் அதைப் படிக்க வேண்டும். யாராவது உங்கள் ஊரில் தலைவர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லக் கூடியவர் தலைவர். கோபித்துக் கொள்பவர் பழைய மணியக்காரர்.